உங்களுக்குத் தெரியுமா? – சேற்றில் ஓடும் மோட்டார்

கிள்ளான் ஆற்றில் கடல்நீர் இறங்கும் நேரமாகப் பார்த்துப் படகை எடுத்தால் என்ன ஆகும்? முழங்காலளவு தண்ணீர், அதற்கடியில் அதைவிட ஆழமான சேறு, மேலே மிதந்து வரும் பிளாஸ்டிக் பைகள். சாதாரணப் படகு மோட்டார் மக்கர் செய்ய வேறு எதுவும் வேண்டாம். இந்த மாதிரித் தண்ணீருக்கென்றே ஒரு மோட்டார் இருக்கிறது. வெல்டிங் தெரிந்த ஆள் ஒருவரும், நீர் இறைக்கும் எஞ்சின் ஒன்றும் கிடைத்தால் வீட்டுக் கொல்லையிலேயே செய்துவிடலாம். மட் மோட்டார் என்பார்கள், லாங்டெயில் என்பார்கள். இங்கே நெடுவால் மோட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பற்றியும் அது ஓடும் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் பார்ப்போம்.

படகோட்டி ஏன் திரும்பிப் பார்க்கிறார்?

போர்ட் கிள்ளானில் அவுட்போர்டு மோட்டார் மாட்டிய படகில் ஏறியவர்கள் கவனித்திருப்பீர்கள். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் படகோட்டி பின்பக்கம் எட்டிப் பார்ப்பார். மோட்டாரின் ஓரத்திலிருந்து பென்சில் கனத்தில் ஒரு தண்ணீர்த் தாரை பீய்ச்சியடிக்க வேண்டும். அடித்தால்தான் அவருக்கு நிம்மதி. அவுட்போர்டின் காலுக்குள் சின்னதாக ஒரு ரப்பர் சக்கரம் சுழன்று, ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றவிட்டுக் குளிரவைக்கிறது. அந்தத் தாரை வெளியேறும் தண்ணீர். தண்ணீருக்குப் பதில் சேறு உள்ளே போனால் துளை அடைபடும், ரப்பர் இதழ்கள் தேயும், தாரை மெலியும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

நெடுவால் மோட்டாரில் இந்தத் தொல்லையே கிடையாது. அதன் எஞ்சின் படகுக்குள், தண்ணீருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. குளிரவைப்பது காற்று. சேற்றைத் தொடுவது வாலும் அதன் நுனியிலுள்ள விசிறியும் மட்டுமே. கியர் பெட்டியும் இல்லை, தண்ணீர்ப் பம்பும் இல்லை. கெட்டுப்போக அதில் சாமான் குறைவு. சேற்றுக்கு அது தோதுப்படக் காரணமே இதுதான்.

வால் ஏன் இவ்வளவு நீளம்?

பார்க்கிறவர்களுக்கெல்லாம் முதலில் எழும் கேள்வி இது. பதில் பள்ளிக்கூடக் கணக்கில் இருக்கிறது. எஞ்சினின் அச்சு தண்ணீருக்கு மேல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். விசிறி தண்ணீருக்குள் 10 சென்டிமீட்டர் முங்கினால் போதும். ஆக மொத்தம் இறங்க வேண்டியது 50 சென்டிமீட்டர். இதை 15 பாகைச் சரிவில் இறக்க வேண்டுமானால் வால் ஏறக்குறைய 1.9 மீட்டர் இருந்தாக வேண்டும்.

செங்குத்தாக இறக்கினால் வால் குட்டையாகுமே என்றால், ஆகும். இரண்டு தொல்லையும் கூடவே வரும். வால் எஞ்சினோடு நேர்கோட்டில் இணைந்திருப்பதால் வால் சாயும் அளவுக்கு எஞ்சினும் சாயும். கொல்லையில் செய்பவர்கள் அதிகம் தேடும் ஹோண்டா ஜிஎக்ஸ் 160 போன்ற எஞ்சின்களுக்கு 20 பாகைக்கு மேல் சாய்வு ஆகாது; உள்ளேயிருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். எண்ணெய் குறைந்தால் தானே அணைக்கும் கருவி பொருத்திய மாடலாக இருந்தால், நடு ஆற்றில் சட்டென்று நின்றுபோகவும் செய்யும். அடுத்தது, உந்துவிசை வாலின் கோட்டிலேயேதான் போகும். 15 பாகையில் முன்னோக்கிய தள்ளலில் 3 விழுக்காடுதான் குறையும். 30 பாகையென்றால் 13 விழுக்காடு போய்விடும்.

படகைத் தள்ளுவது எது?

விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, சரி. அந்தத் தள்ளலின் எதிர்வினை ஷாஃப்ட் வழியாக முன்னோக்கி ஓடி வந்து எங்கே முட்டுகிறது? யோசிக்காமல் செய்த மோட்டாரில் அது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டில் போய் முட்டும். சுழல்வதற்குச் செய்த எஞ்சினின் பேரிங்குகள் படகையே தாங்கித் தள்ளும் வேலைக்குச் செய்யப்பட்டவை அல்ல. சீக்கிரமே ஆட்டம் காணும். அதனால் வால் குழாயின் மேல்முனையில் தள்ளுவிசையைத் தாங்கும் பேரிங் ஒன்றைத் தனியாகப் போட்டு, விசையைக் குழாய்க்கு மாற்றி, குழாயிலிருந்து சட்டத்துக்கும் சட்டத்திலிருந்து படகின் பின்முனையான கடையாலுக்கும் கொண்டுபோக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத சாமான். நல்ல மோட்டாரையும் அரைகுறை மோட்டாரையும் பிரித்துக் காட்டுவது அதுதான்.

குதிரைசக்தியா, எடையா?

படகுக்காரர்கள் பலரும் எத்தனை குதிரைசக்தி என்றுதான் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி எடை பற்றியதாக இருக்க வேண்டும். நாள் முழுக்க அந்த மோட்டாரைத் தூக்கி இறக்கித் திருப்பப் போவது ஒரு மனிதரின் கை.

ஜிஎக்ஸ் 160 எஞ்சின் சுமார் 15 கிலோ. ஷாஃப்டுக்கு முக்கால் அங்குல எஃகுக் கம்பி 2 மீட்டர் எடுத்தால் நாலரைக் கிலோ வரும். ஒரு அங்குலக் கம்பியாகப் போனால் 8 கிலோ. அதன்மேல் குழாய், குழாய்க்குள் கம்பியைத் தாங்கும் புஷ், விசிறி, விசிறிக்குக் கீழே தரையில் முட்டாமல் காக்கும் இரும்புத் துடுப்பு. எஞ்சின் ஒரு பக்கம், வால் மறுபக்கம். நடுவில் தாங்கும் புள்ளி. கிணற்று ஏற்றம் எப்படி நிற்குமோ அப்படி நிற்க வேண்டும். எஞ்சின் கனமாகவும் தாங்கும் புள்ளிக்குப் பக்கத்திலும் இருக்கும். வால் இலேசாகவும் தூரத்திலும் இருக்கும். தாங்கும் புள்ளியை முன்னே பின்னே நகர்த்தி, விரல் ஒன்றால் கைப்பிடியை அழுத்தினாலே விசிறி தண்ணீரைவிட்டு எழும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வால் பக்கம் இம்மியளவு கனம் கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் விசிறி தானாகத் தண்ணீருக்குள் தங்கும்.

இந்தத் தாங்கும் புள்ளி இரண்டு திசையில் அசைய வேண்டும். மேலும் கீழும் அசைவதற்கு ஒரு குறுக்குக் குழாய். இடமும் வலமும் திரும்புவதற்குப் பழைய மோட்டார்சைக்கிளின் ஹேண்டில் கழுத்து, அதாவது பேரிங்கோடு வரும் அந்தக் குட்டைக் குழாய், அச்சாகப் பொருந்தும். பழைய இரும்புக் கடைகளில் அது கிடைக்கும். கடைக்காரர் எதற்கு என்று கேட்பார். படகுக்கு என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வெல்டிங் செய்யும்போது கவனிக்க ஒன்று உண்டு. குழாயை ஒரே பக்கமாகத் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் வளையும். நாலு பக்கமும் புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, மாறி மாறிப் பற்றவைக்க வேண்டும். நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழலும் கம்பி ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் கைப்பிடியைப் பிடித்திருப்பவரின் பல் வரைக்கும் அதிர்வு தெரியும். புஷ்களும் ஒருபக்கமாகத் தேய்ந்துபோகும்.

முன்னால் போகச் சொன்னால் பின்னால் போகும் படகு

ஹோண்டா மாதிரியான பொதுப்பயன் எஞ்சின்களின் அச்சு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். சாதாரண அவுட்போர்டு விசிறி, படகின் பின்னாலிருந்து பார்த்தால், கடிகார முள்ளின் திசையில் சுழல்வதற்கென வளைக்கப்பட்டது. ஆகவே கடையில் கிடைக்கும் அவுட்போர்டு விசிறியை அப்படியே மாட்டிக் கயிற்றை இழுத்தால் படகு கம்பீரமாகப் பின்னோக்கிப் போகும். கேட்டு வாங்க வேண்டியது இடக்கை விசிறி.

ஒரே மோட்டார், இரண்டு தொழில்

வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் இந்த மோட்டாருக்கு இறால் வால் மெஷின் என்று பெயர். 1960களில் அங்கே சின்னப் பெட்ரோல் எஞ்சின்கள் வந்து இறங்கியபோது, மக்கள் அவற்றைச் சம்பான் படகுகளில் நீண்ட வாலோடு மாட்டிக்கொண்டார்கள். பிறகுதான் உள்ளூர் மூளை வேலை செய்தது. படகைத் தள்ளும் விசிறி தண்ணீரைத்தானே தள்ளுகிறது? அந்த வாலை ஒரு தகரக் குழாய்க்குள் செருகி, குழாயின் ஒரு முனையை வாய்க்காலிலும் மறுமுனையை வயல் வரப்பிலும் வைத்தால்? பம்பு தயார். காலையில் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப்போன மோட்டார் மாலையில் நெல்லுக்குத் தண்ணீர் இறைத்தது.

போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், எந்த அரசுத் திட்டத்துக்கும் காத்திராமல் இது கிராமம் கிராமமாகப் பரவியது. அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் சான்சம் இதை ஆராய்ந்து 1969இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

ஜேம்ஸ் பாண்டும் ஏறியிருக்கிறார்

தாய்லாந்துக்காரர்கள் இதை லாரி எஞ்சின் அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார், லாரிகளிலிருந்து கழற்றிய எஞ்சினைக் கம்பத்தின்மேல் நிறுத்தி, நாலைந்து மீட்டர் வாலோடு ஓட்டும் படகுகளைப் பாங்காக் கால்வாய்களில் இன்றும் பார்க்கலாம். 1974இல் வந்த தி மேன் வித் த கோல்டன் கன் படத்தில் வரும் படகுத் துரத்தல் இந்தப் படகுகளில்தான். படம் சுமார்தான், படகுக் காட்சி மட்டும் பார்க்கலாம்.

நம் கடற்கரையிலும் நெடுவால்

தமிழ்நாட்டுக் கரையோரம் போய்ப் பார்த்தால், மணலில் இழுத்துவிட்ட ஃபைபர் படகுகளின் கடையாலில் நீண்ட இரும்பு வால் வானத்தைப் பார்த்து நிற்கும். பெரும்பாலும் 8 முதல் 10 குதிரைசக்தி வரையுள்ள, காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள். அங்கே பிரச்சினை சேறு இல்லை, அலை. துறைமுகம் இல்லாத கரை. படகு அலையோடு சேர்ந்து பாய்ந்து வந்து மணலில் ஏற வேண்டும். அடியில் நிலையாக நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி அந்த நொடியில் முறியும். நெடுவாலென்றால் கைப்பிடியை அழுத்தினால் போதும், விசிறி வெளியே வந்துவிடும்.

இந்தத் தலைவலியைத் தீர்க்க நிபுணர்களும் மெனக்கெட்டார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் 1979இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்கென்றே விசிறியைத் தூக்கிக்கொள்ளும் டீசல் அமைப்புகளைச் செய்து கடலில் சோதித்தது. கட்டுமரத்தில் பாய் விரித்துப் போன தலைமுறைக்கும் எஞ்சினில் போகும் தலைமுறைக்கும் நடுவே இப்படிப் பல சோதனைகள் நடந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில் ஃபைபர் படகுகளே அதிகம். அவற்றோடு நெடுவாலும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

டீசலை மீனவர்கள் விரும்பக் காரணம் எளிது. ஒரே வேலைக்கு டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் மோட்டார் குடிப்பதில் பாதியளவு எண்ணெயே அதற்குப் போதும்.

அமெரிக்காவிலும் உண்டா?

உண்டு. வாத்து வேட்டைக்காரர்கள் சதுப்புக்குள் போவதற்காக, லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 1977இல் கோ-டெவில் என்ற பெயரில் இதைத் தொழிலாகவே தொடங்கினார்கள். ஆசியக் கால்வாய்களில் அதற்கு முன்பே ஓடிய சாமான், அங்கே போனதும் விலைப்பட்டியலும் உத்தரவாத அட்டையும் பெற்றது.

கோலாலம்பூரே படகில் வந்த ஊர்

மோட்டார் இருக்கட்டும், அது ஓடும் கிள்ளான் ஆற்றுக்கு வருவோம். 1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து ஆற்றை எதிர்த்துக் கோல் ஊன்றி, துடுப்பு வலித்து மேலே வந்தார்கள். கோம்பாக் ஆறு கலக்கும் இடத்துக்கு மேல் படகு போகத் தோதில்லை. அங்கே இறங்கிக் காட்டுக்குள் அம்பாங் நோக்கி நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களில் 18 பேரே மிஞ்சியதாகச் சொல்வார்கள்; மற்றவர்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. ஆறுகள் சந்திக்கும் அந்த முனையில்தான் இன்று ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது.

ஈயம் கிடைத்தது, ஊர் வளர்ந்தது, ஆறு மட்டும் கெட்டது. ஈய லம்பங்கள் கழுவித் தள்ளிய மண்ணெல்லாம் ஆற்றில் இறங்கிப் படுகையை உயர்த்தியது. படகுப் பயணமும் நாளாக நாளாகச் சிரமமானது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையான புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றுவழியின் மவுசு போயிற்று. ஈயம் ரயிலேறியது. அந்த ரயில்வேயை நம்பித்தான் பிரிக்பீல்ட்ஸில் தமிழர் குடியிருப்பு வளர்ந்தது. தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள், நிலைய மேலாளராகவும் எழுத்தராகவும் யாழ்ப்பாணத்தவர்கள் வந்தார்கள். 1881இன் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, ஊரைச் செங்கல்லால் கட்டுவதற்குப் பிரிக்பீல்ட்ஸ் கரையின் களிமண்தான் சூளைக்குப் போனது.

உயர்ந்துபோன படுகை சும்மா இருக்குமா? 1926இல் பெருவெள்ளம். அதன் பிறகு நகருக்குள் ஆற்றை வெட்டி நேராக்கினார்கள். இன்று பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே ஓடுகிறதே, அது அப்படி நேராக்கப்பட்ட ஆறு. அந்தப் பகுதியில் யாரும் நெடுவால் விட நினைக்க வேண்டாம். மழை பெய்தால் சில நிமிடங்களில் நீர்மட்டம் ஆள் உயரம் ஏறும். கரையேறப் படியும் கிடையாது.

கடல் எவ்வளவு இறங்கும்?

போர்ட் கிள்ளானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் மாறும். மலாக்கா நீரிணையில் இது பெரிய அளவு. எதிரே இருக்கும் புலாவ் கெத்தாமில் வீடுகளெல்லாம் கால் ஊன்றி நிற்பதன் காரணம் இதுவே. நீர் ஏறியிருக்கும்போது வீட்டு வாசலில் கட்டிய படகு, நீர் இறங்கியதும் சேற்றில் உட்கார்ந்துவிடும். நெடுவால் வைத்திருப்பவர் அந்த மெல்லிய நீரிலும் வழி கண்டுபிடித்துப் போவார். ஆனால் தண்ணீரே இல்லாத வெறும் சேற்றில் அது ஓடாது. படகின் அடிப்பக்கம் வழுக்கிச் செல்லக் கொஞ்சமாவது நீர் வேண்டும்.

எவ்வளவு வேகம் போகும்?

விசிறியின் இதழ்ச் சரிவை அங்குலத்தில் சொல்வார்கள். 6 அங்குலச் சரிவு என்றால், வழுக்காத ஒரு பொருளுக்குள் திருகாணி மாதிரி ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும் என்று பொருள். நிமிடத்துக்கு 3,600 சுற்று வைத்துப் பெருக்கினால் மணிக்கு 33 கிலோமீட்டர் வரும். வாய் பிளக்காதீர்கள். தண்ணீர் வழுக்கும், மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

அடுத்த முட்டுக்கட்டை படகே போடும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் 4 மீட்டர் படகு, தான் எழுப்பும் அலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில் திணறும். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு தண்ணீர்மேல் எழும்பி வழுக்க வேண்டும். அதற்குத் தட்டையான அடிப்பாகமும் குறைந்த எடையும் வேண்டும். ஒரு ஆள் ஏறினால் பறக்கும் படகு, இரண்டாவது ஆளும் ஐஸ் பெட்டியும் ஏறியதும் ஊர்வதற்குக் காரணம் இதுதான். அப்போது பெரிய எஞ்சினாக மாற்றலாமா என்று கேட்பவரிடம், ஐஸ் பெட்டியை இறக்கிப் பாருங்கள் என்பேன்.

உடைந்ததால் வேகம் கூடியது

1836இல் காப்புரிமை பெற்ற பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தின் விசிறி, இன்று நாம் பார்ப்பது போல இதழ்களோடு இல்லை. நீளமான மரத் திருகாக இருந்தது. லண்டன் கால்வாயில் அவர் படகைச் சோதித்தபோது அந்தத் திருகு எதிலோ மோதிப் பாதி முறிந்தது. படகு நிற்கும் என்று பார்த்தால், வேகமெடுத்தது. குட்டைத் திருகே போதும் என்பது அப்படித்தான் தெரிந்தது. 1845இல் பிரிட்டிஷ் கடற்படை, விசிறி பூட்டிய ராட்லரையும் துடுப்புச் சக்கரக் கப்பலான அலெக்டோவையும் பின்னுக்குப் பின் கட்டிக் கயிறிழுக்க விட்டது. ராட்லர் மற்றதை இழுத்துக்கொண்டே போயிற்று.

மரத்தில் பேரிங்

அந்த விசிறிக் கப்பல்களுக்கு ஒரு நோய் இருந்தது: உலோகப் பேரிங்குகள் விரைவில் தேய்ந்து கப்பலுக்குள் தண்ணீர் வந்தது. 1854இல் ஜான் பென் என்ற பொறியாளர் லிக்னம் விட்டே என்ற கெட்டி மரத்தின் பட்டைகளை வைத்து அதற்கு மருந்து கண்டார். அந்த மரத்தில் இயற்கையாகவே பிசின் எண்ணெய் உண்டு, கடல்நீரே மசகாகிவிட்டது.

சேற்றுக்கு இன்னும் தோதானது நம் ஊருக்கு நன்றாகப் பழக்கமான ரப்பர். உள்பக்கம் நீளவாக்கில் பள்ளங்கள் போட்ட ரப்பர் புஷ்ஷை வாலின் கீழ்முனையில் செருகினால், நீர் அந்தப் பள்ளங்கள் வழியே ஓடி மணலை வெளியே அடித்துக்கொண்டு போகும். மணல் துகள் மாட்டினாலும் ரப்பர் அமுங்கிக் கொடுக்கும். பித்தளையானால் அதே துகள் பித்தளையில் பதிந்துகொண்டு ஷாஃப்டை அராவித் தள்ளும். ஒன்று மட்டும்: ரப்பர் புஷ் தண்ணீரை விட்டு வெளியே வெறுமனே சுழலக் கூடாது. சில நிமிடத்தில் கருகும்.

துத்தநாகத் துண்டு

உப்புநீரில் எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பூட்டிப் பார்த்தார். செம்பு பிழைத்தது, துண்டுகள் கரைந்தன. அரிக்காத செம்பில் சிப்பிகள் சந்தோஷமாக ஒட்டிக்கொண்டதால் கடற்படை அப்போது அதைக் கைவிட்டது தனிக் கதை. உங்கள் மோட்டாரின் வாலில் ஒரு துத்தநாகக் கட்டியைத் திருகிவிட்டால் போதும்.

கைலி கட்டிக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எஞ்சினையும் வாலையும் இணைக்கும் கப்ளிங் படகுக்குள், ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில், வினாடிக்கு 60 சுற்று சுழல்கிறது. கைலி நுனி, தோளில் கிடக்கும் துண்டு, நங்கூரக் கயிறு, நீண்ட முடி என எது பட்டாலும் கையை விலக்குவதற்குள் சுருட்டி இழுத்துவிடும். நேரடி இணைப்பு மோட்டாரில் நியூட்ரலும் கிடையாது. எஞ்சின் ஓடினால் விசிறியும் சுழலும். கப்ளிங்கின்மேல் தகரக் கூண்டு, தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை அணைக்கும்படி மணிக்கட்டில் மாட்டும் கயிற்றுச் சுவிட்ச், மிதவைச் சட்டை. இந்த மூன்றும் இல்லாமல் தண்ணீரில் இறக்கிய மோட்டாரை நான் முடிந்த மோட்டார் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால் முதலில் எஞ்சினை அணைத்து, பிளக் வயரைக் கழற்றிய பிறகே விசிறியில் கை வைக்க வேண்டும். கிள்ளான் ஆற்றில் இது எப்போதோ நடப்பதல்ல. குப்பை அள்ளவே தி ஓஷன் கிளீனப் அமைப்பு சூரியசக்தியில் இயங்கும் இன்டர்செப்டர் மிதவையை 2019 முதல் அந்த ஆற்றில் நிறுத்தியிருக்கிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புல் வெட்டும் மெஷினே மோட்டாராகும்

கம்போங் பக்கம் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. புல் வெட்டும் மெஷினின் தண்டில் பிளேடைக் கழற்றிவிட்டுச் சின்ன விசிறி மாட்டுவது. 30, 40 சிசி எஞ்சின்தான்; ஒரு ஆள் சம்பானுக்குக் குளத்தில் போதும். அதில் ஒரு வசதியும் இருக்கிறது: வேகம் குறைந்தால் தானே விட்டுவிடும் கிளட்ச். அதாவது நியூட்ரல். ஆனால் பிளேடு பக்கத்து கியர் தலை தண்ணீருக்குள் முங்குவதற்காகச் செய்ததல்ல. கிரீஸ் கரைந்து துரு ஏறும்.

வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது

2021 டிசம்பர் நடுவில் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது நம்மில் பலருக்கு மறக்காது.  மேல்மாடியிலும் கூரையிலும் மக்கள் படகுக்காகக் காத்திருந்தார்கள். சொந்தப் படகு வைத்திருந்தவர்கள் தாமாகவே இறங்கினார்கள். தெருவெள்ளம் படகுக்கு மோசமான நீர். மூழ்கிய கார் கூரை, வேலிக் கம்பி, சாலை நடுத்திட்டு எல்லாம் கலங்கல் நீருக்கடியில் ஒளிந்திருக்கும். செங்குத்தாகக் கால் இறக்கிய மோட்டாருக்கு அவையெல்லாம் கண்ணி. விசிறியை ஒரு கையசைவில் தூக்கும் மோட்டார் அங்கே கைகொடுக்கும். ஆனால் தண்ணீரில் ஆட்கள் நிற்கும் இடத்தில் கூண்டில்லாத விசிறி ஆபத்து. பக்கத்தில் நெருங்கியதும் எஞ்சினை அணைத்துத் துடுப்பை எடுத்துவிட வேண்டும்.

வேறு வழியே இல்லையா?

நியூசிலாந்தின் பில் ஹாமில்டன் 1950களில் விசிறியைப் படகுக்குள்ளேயே ஒளித்துவைத்து நீரைப் பீய்ச்சி ஓடும் ஜெட் படகைச் செய்தார். 1960இல் அது அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனை எதிர்த்து ஏறிக் காட்டியது. கூழாங்கல் ஆற்றுக்கு அது சரி. நம் ஆற்றில் ஒரு பிளாஸ்டிக் பை உறிஞ்சினால் தீர்ந்தது. தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1905இல் காற்றில் சுழலும் விசிறியால் படகை ஓட்டிப் பார்த்தார். இரைச்சல் தாங்காது, பக்கத்துத் தாமான்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள்.

எங்கே ஓட்டக் கூடாது?

கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சிகளைக் காட்டும் சம்பான்களில் மோட்டாரே கிடையாது, துடுப்புதான். அந்த இடத்துக்கு உங்கள் நெடுவாலைக் கொண்டுபோகாதீர்கள். மீன்பிடிக்கப் பயன்படுத்தும் படகுக்கு 1985 மீன்பிடிச் சட்டப்படி உரிமம் வேண்டும். சிலாங்கூரின் ஆறு, ஏரிகளைக் கவனிக்க 1999 மாநிலச் சட்டத்தின் கீழ் லுவாஸ் என்ற நீர் நிர்வாக வாரியம் இருக்கிறது. பழைய ஈயக்குட்டைகள் பலவும் இப்போது தனியார் நிலத்தில் அல்லது பூங்காவுக்குள் இருப்பதால், படகை லாரியில் ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

பெட்ரோல் எத்தனை நேரம் தாங்கும்?

ஜிஎக்ஸ் 160இன் தொட்டி கொள்ளளவு 3.1 லிட்டர். 3,600 சுற்றில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் குடிக்கும். ஆக இரண்டு மணி நேரம் சொச்சம். கடல்நீர் ஏறி முடிய ஆகும் நேரம் சுமார் 6 மணி. ஏறும் நீரோடு உள்ளே போய், இறங்கும் நீரோடு திரும்ப நினைப்பவர் 5 லிட்டர் டின் ஒன்றைக் கூடவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊற்றும்போது எஞ்சினை அணைத்து, புகைக்குழாய் ஆறும் வரை பொறுத்து, முடிந்தால் கரையில் இறங்கி ஊற்றுங்கள். படகின் அடியில் சிந்திய பெட்ரோலின் ஆவி அங்கேயே தேங்கி நிற்கும். அடுத்து நீங்கள் இழுக்கப்போவது ஸ்டார்ட் கயிறு.